பதினைந்துக்கு அப்புறம் ரூவா

பிள்ளைகளே, உங்களுக்கு எண் சொல்லித்தர இப்போது வண்ணக் கட்டைகள் வந்துவிட்டன, கம்பியில் கோத்த மணிகள் வந்துவிட்டன. என் மகளுக்கு நான் எண் சொல்லிக்கொடுத்தது சில்லறைக் காசில். அதுவும் என் காசு இல்லை. பஸ் முதலாளியின் காசு. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாயங்காலத்துக்குள் ஷெட்டுக்குத் திரும்பிப் போய்விட வேண்டிய காசு. அதை வைத்து அவள் என்ன கற்றுக்கொண்டாள், அதனால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். இதில் என்ன நீதி என்று கடைசியில் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்.

நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது இப்போதைய எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டவன். யுத்த காலத்தில் மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டு, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். விடிவதற்கு முன்பே போய் அடுப்பு மூட்டினால்தான் முதல் சவாரிக்கு வண்டி நகரும். ஆகையால் நான் இருட்டிலேயே கிளம்பிவிடுவேன். மத்தியானம் ஷிப்டு முடியும்.

என் மனைவி ஆழ்வார்பேட்டையில் ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வீடு பெருக்கினாள். அவளும் பொழுது விடிந்ததும் போய்விடுவாள்.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. என் மனைவி ஒரு தடவை அவளை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குழந்தை அங்கே மேஜைமேல் இருந்த வெள்ளித் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது, தொட்டாள். அவ்வளவுதான். பங்களா அம்மாள் சிரித்துக்கொண்டே, "இப்பவே கையைப் பழக்கிட்டியா?" என்று என் மனைவியிடம் கேட்டாள். அதற்குப் பிறகு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

வீட்டிலும் விட முடியாது. நாங்கள் இருந்தது மயிலாப்பூரில் ஒரு சந்தில், நாலு குடித்தனம் உள்ள வீட்டின் கடைசி அறை. நடு முற்றத்தில் கிணறு. அதன் சுவர் என் முழங்கால் உயரம். நாங்கள் குடி வருவதற்கு முன்னால் ஒரு குழந்தை அதில் விழுந்து செத்துப்போயிருந்தது. சுவரைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள் என்று வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"செங்கல் இன்னா வெல விக்கிது தெரியுமா? சிமிட்டிக்கு பர்மிட்டு கேக்கறான். நீ என் கெணத்த கட்டறதவிட உன் கொழந்தய கட்டிக்க. செலவே இல்ல" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் சொன்னதுக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அதைத்தான் செய்தோம். என் மனைவியின் பழைய சேலையை நீளமாகக் கிழித்து, ஒரு முனையைக் குழந்தையின் கணுக்காலிலும் மறு முனையை ஜன்னல் கம்பியிலும் கட்டினோம். தண்ணீர்ச் சொம்பு எட்ட வேண்டும், ஒண்ணுக்குப் போக மூலையில் வைத்த சட்டி எட்ட வேண்டும், வாசற்படி எட்டக் கூடாது. அந்த அளவில் துணியைக் கிழித்தவள் என் மனைவி. நல்ல கணக்கு. அவள் பள்ளிக்கூடமே போனதில்லை.

முன்னறையில் ஒரு தையல்கார பாய் இருந்தார். மிஷினை மிதித்துக்கொண்டே அவ்வப்போது ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பார். அதற்கு மேல் அவருக்கு நேரம் கிடையாது. சந்துப் பிள்ளைகளுக்குத்தான் நேரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கூடி நின்று, "மே... மே..." என்று கத்துவார்கள். எங்கேயாவது அகத்திக்கீரைக் கொத்து கிடைத்தால் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டுவார்கள்.

"துன்னு ஆடு, துன்னு! நாளிக்கி பாய் உன்ன பிரியாணி போட்டுருவாரு!"

என் பெண் அந்தக் கீரையை வாங்கித் தின்றிருக்கிறாள். பசி. பச்சையாக. அதை அவள் தின்றாள் என்று அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கெல்லாம் போய்ச் சொன்னார்கள்.

நான் வந்ததும் முதல் வேலை முடிச்சை அவிழ்ப்பது. இரண்டாவது வேலை, தோல் பையைக் கவிழ்த்துப் பாயில் காசைக் கொட்டுவது. அவிழ்த்த காலைத் தேய்த்துக்கொண்டே அவள் காசின் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

நீங்கள் பார்த்திராத காசுகள் அவை. அப்போது ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நாலு காலணா. யுத்தத்தில் செம்பு மிச்சம் பிடிக்கக் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஓரணாவின் விளிம்பு பூ இதழ் மாதிரி நெளிநெளியாக இருக்கும். இரண்டணா சதுரம். அரையணா அதைவிடச் சின்னச் சதுரம். என் பெண்ணுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தேவைப்படவில்லை. காலணாவை 'வடை' என்றாள். ஓரணா 'பூ'. இரண்டணா 'ஜன்னல்', அரையணா 'குட்டி ஜன்னல்'.

முதலில் சும்மா பிரித்துப் போடச் சொன்னேன். வடை எல்லாம் ஒரு பக்கம், பூ எல்லாம் ஒரு பக்கம். சீக்கிரமே கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பிரித்தாள். பிறகு, நாலு வடை கொடுத்தால் ஒரு பூ தருவேன் என்று வியாபாரம் பண்ணினோம். இரண்டு பூவுக்கு ஒரு ஜன்னல். நான் வேண்டுமென்றே மூன்று வடைக்கு ஒரு பூவைக் கேட்பேன்.

"போ நைனா, ஏமாத்தற! இன்னொரு வடை வையி!" என்று என் கையைத் தட்டிவிடுவாள்.

அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் காலையெல்லாம் கட்டிக் கிடந்த குழந்தை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாகக் கற்றது அடுக்குவது. எங்கள் ஷெட்டில் காசாளர் சில்லறையை எண்ணி வாங்க மாட்டார். ஓரணாக்களை ரூபாய் ரூபாயாக அடுக்கிப் பலகைமேல் வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டும். அவர் அடுக்குகளின் தலைமேல் ஒரு அடிக்கோலை வைத்துப் பார்ப்பார். ஓர் அடுக்கு தாழ்ந்திருந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். உயர்ந்திருந்தால் பேசாமல் எடுத்து வைத்துக்கொள்வார். அடுக்கும்போது கண்டக்டர்கள் வாயில் 'பதினாறு' என்ற சொல்லே வராது. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு, ரூவா! அடுத்த அடுக்கு. மறுபடியும் ஒண்ணு.

அப்படித்தான் நான் அடுக்கினேன். அப்படித்தான் அவளும் கேட்டுக் கேட்டு அடுக்கினாள். 'ரூவா' என்று சொல்லும்போது அந்தக் கடைசிப் பூவை அடுக்கின்மேல் ஓசை வர வைப்பாள்.

தையல்கார பாய் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, ஒரு டப்பா நிறையப் பழைய பொத்தான்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"கண்டக்டரே, கொழந்தைக்கி எண்ண கத்துக்குடுக்கறதுக்கு துட்டு எதுக்கு? ஒண்ணு காணாப் போச்சின்னா உன் சம்பளம் பூடும். இத்த வச்சி எண்ணட்டும்."

"பொத்தானுக்கு இன்னா பாய் மதிப்பு கீது? பத்து இருந்தாலும் பொத்தான், நூறு இருந்தாலும் பொத்தான்" என்றேன். எனக்கு ரொம்பப் பெருமை. என் பெண் மதிப்போடு எண்ணுகிறாள் என்று.

இந்தச் சமயத்தில்தான் என் மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தாள். கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று நடக்கிறது. அதில் பாலர் வகுப்பு இருக்கிறது. நாலு வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். காலையில் விட்டால் சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொள்கிறார்கள். மத்தியானம் சோறு. ஏழைக் குழந்தை ஒன்றுக்கு மட்டும் பள்ளிச் சம்பளம் கட்டாமல் ஓர் இடம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை குழந்தைகளை வரவழைத்துப் பார்க்கப் போகிறார்கள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்திலோ ஐந்து முடியாமல் உள்ளேயே விட மாட்டார்கள்.

"அங்க எடம் கெடச்சா கட்டிப் போட வேணாம்யா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பெண்ணைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைத்தான் பார்த்தாள்.

"இன்னா கேப்பாங்களாம்?"

"இருபது வரிக்கும் எண்ணத் தெரியணுமாம். அவ்ளோதான்."

நான் சிரித்துவிட்டேன். இருபதா! என் பெண் அன்றாடம் நாலைந்து ரூபாய் அடுக்குகிறாளே!

அந்த வெள்ளிக்கிழமை வேறொருவரை டியூட்டிக்கு விட்டுவிட்டு மூன்று பேரும் கோபாலபுரம் போனோம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் எங்களைப் போல இன்னும் சிலர் குழந்தைகளோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் ஒரு டீச்சர். அவர் முன்னால் தரையில் ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டை. ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு, இருபது கொட்டையை எடுத்து வைத்து எண்ணச் சொன்னார். எங்களுக்கு முன்னால் போன பையன் ஏழிலேயே அழுதுவிட்டான். என் மனைவி என் தொடையை இடித்தாள். சந்தோஷத்தில்தான்.

என் பெண் அழவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொட்டைகளை ஒன்றொன்றாகத் தொட்டுத் தள்ளிக்கொண்டே, கணீரென்று சொன்னாள்.

"பதிமூணு, பதினாலு, பதினஞ்சு, ரூவா!"

டீச்சர் நிமிர்ந்தார். அவள் நிறுத்தவில்லை. தள்ளிய கொட்டைகளை ஒரு குவியலாகக் கூட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒரு ரூவா நாலணா!"

வராந்தாவே சிரித்தது. அழுத பையனின் அப்பாதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

"பதினஞ்சுக்கு அப்புறம் என்ன பாப்பா?" என்றார் டீச்சர்.

"ரூவா."

"பதினாறு."

"அதான் ரூவா" என்றாள் இவள், டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பள்ளிக்கூடத்துச் செக்ரட்டரி வந்தார். பெரியவர். வெள்ளை ஜிப்பா, தங்க பிரேம் கண்ணாடி. என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு அவருக்காக ஒரு தடவை. தோட்டக்காரனைக் கூப்பிட்டு, "நீ கேளுடா, நீ கேளு!" என்று அவனுக்காக ஒரு தடவை. தான் நன்றாகச் சொல்வதால்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என நினைத்துக்கொண்டு, என் பெண் ஒவ்வொரு தடவையும் குரலை உயர்த்தினாள்.

"சரி, எனக்குக் கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்த்து எவ்வளவு? சொல்லு பார்ப்போம்" என்று செக்ரட்டரி செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் அவர் கைவிரல்களைத் தொட்டு எண்ணினாள். பிறகு குனிந்து கால்விரல்களைத் தொட்டு எண்ணினாள். அவருக்குக் கூச்சம். காலை இழுத்துக்கொண்டார். இவள் விடாமல் பிடித்து எண்ணி முடித்தாள்.

"ஒரு ரூவா நாலணா!"

"அடேயப்பா, எனக்கு விலையே போட்டுட்டா!" என்று அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜிப்பாப் பையிலிருந்து ஓர் இரண்டணாவை எடுத்து அவள் கையில் வைத்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிண்டு வா. சொல்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் மனைவிக்கு அப்போதே இடம் கிடைத்துவிட்ட மாதிரிதான். படி இறங்கும்போது டீச்சர் என் பின்னால் வந்தார்.

"அவர் சிரிக்கிறார்னு நம்பிடாதீங்க. இருபது சொல்லத் தெரியாத பிள்ளையை நான் வகுப்பிலே எப்படி உட்கார வைக்கிறது? மத்த குழந்தைகளும் ரூவா ரூவான்னு ஆரம்பிச்சிடும். அடுத்த வாரத்துக்குள்ளே திருத்திக் கொண்டுவாங்க. இல்லேன்னா வராதீங்க."

டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. சிரித்ததுக்காகவா யாராவது இடம் கொடுப்பார்கள்?

அன்று முதல் காசைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பையைக் கவிழ்த்து நானே பிரித்தேன், நானே வாய் திறக்காமல் அடுக்கினேன். அவள் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பார்ப்பாள். கை தானாகப் போய்விடும் என்று பயம். அடுக்கி முடித்ததும் பாடம். பதினஞ்சு வரைக்கும் சரியாக வருவாள். அங்கே வந்ததும் வாய் 'ரூ' என்று குவியும். தலையில் ஒரு குட்டு வைப்பேன்.

குட்டாமல் கணக்கு வராது என்று நாங்கள் எல்லாருமே நம்பிய காலம் அது. என் வாத்தியார் என்னைக் குட்டினார், நான் இவளைக் குட்டினேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் என் மனைவி ஒரு சுற்று. அவள் குட்ட மாட்டாள். ஒரு காய்ந்த மிளகாயை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "ரூவான்னு சொல்லு, வாயிலே தேய்ச்சி உடறேன்" என்பாள். ஒரு நாள் தேய்த்தும்விட்டாள். குழந்தை சொம்புத் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுத் தேம்பித் தேம்பி, "பதினாறு, பதினேழு" என்றாள். என் மனைவி அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "உன்ன கட்டிப் போடாம இருக்கத்தாண்டி, என் கண்ணு" என்று அழுதாள்.

செய்தி சந்துப் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. மறுநாள் காலை ஜன்னலில் கூட்டம்.

"ஏ ஆடு, பதினஞ்சுக்கு அப்பால இன்னாடீ?"

அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாளாம்.

"சொன்னா கடலை உருண்டை தரேன். இன்னாடீ?"

"பதினாறு."

"மே... தப்பு! ரூவாடீ, ரூவா! உங்க நைனா வந்து குட்டுவாரு!"

இதை எனக்குச் சொன்னவர் பாய். ஒரு சட்டைக் கையை மடித்துத் தைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆட்டுக்கு கால்லதான் கவுறு கட்டுவாங்க. நீ வாயிலயும் கட்டிட்டியே கண்டக்டரே."

"ஸ்கூல்ல சேக்க வேணாமா பாய்? தப்பா சொன்னா எடம் குடுப்பாங்களா?"

"எனக்கு ஸ்கூலு தெரியாது. தையலு தெரியும். எங்கிட்ட ஒத்தன் வந்து, தொளதொளன்னு தெச்சி குடுங்கறான்னு வையி. அது எனக்கு அசிங்கமா கீதுன்னு நான் புடிப்பா தெச்சி குடுத்தா இன்னா பண்ணுவான்? மூஞ்சியில உட்டெறிவான். அந்த பெரியவரு சிரிச்சாரா இல்லியா? அவரு கேட்ட அளவு இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. துணியும் படிப்பும் ஒன்றா பாய் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறு வெள்ளிக்கிழமைக்குள் அவள் நன்றாகத் தேறிவிட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது, இருபது. குரல் மட்டும் முன்போல இல்லை. 'பதினாறு' என்னும்போது கண் என் கையைப் பார்க்கும்.

தலை வாரி, பூ வைத்து, இஸ்திரி போட்ட பாவாடை கட்டி அழைத்துப் போனோம். இந்தத் தடவை வராந்தாவில் வேறு குழந்தைகள் யாரும் இல்லை. எங்களை உள்ளே கூடத்துக்கே கூப்பிட்டார்கள். செக்ரட்டரியோடு கோட்டுப் போட்ட இரண்டு பேரும் பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சுவர் ஓரமாக நின்றார். மேஜையின்மேல் புளியங்கொட்டை இல்லை. புத்தம் புது ஓரணாக்களாகக் குவித்து வைத்திருந்தார் செக்ரட்டரி.

"இதுதான் நான் சொன்ன குழந்தை. இப்போ கேளுங்கோ" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் பெண்ணிடம் திரும்பினார். "எண்ணு பார்ப்போம், அம்மா!"

அவள் காசைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் சொன்னாள். ஒரு பிசகு இல்லை.

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாளையிலிருந்து முடிச்சு இல்லை என்று நினைத்தேன்.

வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்த அம்மாள், "ஏதோ வேடிக்கையா சொல்லும்னேளே?" என்றாள்.

"சொல்லும், சொல்லும். புது ஆட்களைப் பார்த்துப் பயப்படறது" என்றார் செக்ரட்டரி. "இது இல்லம்மா. போன வாரம் சொன்னியே, அது மாதிரி. பதினஞ்சுக்கு அப்புறம்?"

"பதினாறு."

"அது இல்ல. அன்னிக்குச் சொன்னது."

"பதினாறு" என்றாள் மறுபடியும், இன்னும் மெதுவாக.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். கோட்டுக்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, பாய் சொன்ன அளவு. நான் குனிந்து அவள் காதருகே, "சொல்லும்மா. அன்னிக்கி சொன்ன மாதிரியே சொல்லு. நைனா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க இந்த மாதிரி எத்தனையோ தடவை சோதித்திருக்கிறேன். 'ரூவாதானே?' என்று நானே கேட்டு, ஆமாம் என்று தலையாட்டினால் குட்டியிருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்து, குட்டு விழுகிற இடத்தை மூடிக்கொண்டாள்.

செக்ரட்டரி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடிச்சீங்களா?" என்றார் செக்ரட்டரி.

"கொஞ்சம் கண்டிச்சேன் சார். தப்பா சொல்லக் கூடாதேன்னு..."

"அன்னிக்கு எவ்வளவு சூட்டிகையா இருந்தது! அடிச்சே மழுங்கடிச்சிட்டேளே. யார் உங்களை அடிக்கச் சொன்னா?" அவருக்கு உண்மையாகவே வருத்தம். "இந்தப் பள்ளிக்கூடத்திலே பிரம்பு கிடையாது, தெரியுமோ? அடி வாங்கற குழந்தையைக் கொண்டுவந்து மத்த குழந்தைகளோட உட்கார வைக்க முடியாது. பயம் தொத்திக்கும்."

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். செக்ரட்டரி கையைக் காட்டினார். டீச்சர் நிறுத்திக்கொண்டார்.

என் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயா, கட்டிப் போடாம இருக்கணும்னுதான் இங்க இட்டாந்தோம். நீங்க எடம் குடுக்கலன்னா நாளிக்கி மறுபடியும் கட்டணும்யா."

"கட்டிப் போடறீங்களா!" என்று பட்டுப் புடவை அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "குழந்தையையா? எதாலே கட்டுவீங்க?"

"சேலத் துணியிலம்மா."

"எவ்வளவு நீளம்? எங்கே, காலிலேயா, இடுப்பிலேயா?"

என் மனைவி சொன்னாள். கேட்டால் மனசு இளகும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சட்டி, சொம்பு, கீரை வரைக்கும் சொன்னாள். அந்த அம்மாள் என் பெண்ணைக் கிட்டே வரச் சொல்லி, பாவாடையைத் தூக்கிக் கணுக்காலில் இருந்த தடத்தைப் பார்த்தாள். கோட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். "அடப் பாவமே" என்றார்கள். வேடிக்கை இல்லாமல் போய்விட்டது என்று யாருக்கும் குறையில்லை.

பிறகு செக்ரட்டரி ஆயாவைக் கூப்பிட்டு எங்களுக்குக் கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். "இனிமே கட்டாதீங்கோ. ரொம்பத் தப்பு" என்று எங்களுக்குப் புத்திமதியும் சொன்னார்.

ஆழ்வார்பேட்டை வழியாக நடந்தே வந்தோம். என் பெண்ணின் தலையிலிருந்து பூ எங்கேயோ விழுந்துவிட்டது.

பிறகு அவளுக்கு ஐந்து முடிந்து, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரைக்கும் அந்தத் துணி ஜன்னலில்தான் இருந்தது. முதலாவது கிழிந்து இன்னொன்று மாற்றினோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் அரை நாள் வராமல் போனதற்குப் பதிலாக என் மனைவியைப் பங்களா அம்மாள் விடிவதற்கு முன்பே வரச் சொல்லிவிட்டாள். அதனால் அன்று கட்ட வேண்டியது என் வேலை. அதுவரைக்கும் நான் அவிழ்த்துத்தான் பழக்கம். துணியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டேன். என் பெண் தூக்கக் கலக்கத்தோடு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"அம்மா ரெண்டு முடிச்சி போடும்" என்றாள்.

சரி என்றேன்.

"நைனா."

"இன்னாம்மா?"

"பதினாறா, ரூவாவா?"

இனிமேல் யாரிடமும் சொல்லிக்காட்ட வேண்டிய அவசியம் இல்லை. உள்ளதைச் சொன்னால் என்ன என்று தோன்றியது.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. பதினாறு அணா சேந்தா ரூவா. நீ மொதல்ல சொன்னதும் சரிதான், அப்பால சொன்னதும் சரிதான்."

"ரெண்டுமேவா?"

"ரெண்டும்தான்."

அவள் தலையைத் தடவிக்கொண்டாள்.

"அப்போ இன்னாத்துக்கு நைனா குட்டின?"

கரி மூட்டுகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது முடிச்சையும் போட்டுவிட்டு, சொம்பு எட்டுகிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.